மூன்றாவது காது

துளசிமணி நடக்க ஆரம்பித்துவிட்டாள். கோன் வைண்டிங் ஹாலின் அந்தக் கோடியில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் தலை தெரிந்ததுமே, இந்தக் கோடியில் நின்றிருந்த மோகனசுந்தரம் மனசுக்குள்ளேயே அவளை அழைக்க ஆரம்பித்தான். பயத்திலா சந்தோஷத்திலா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. வாங்கக்கா, வாங்க. இதோ நாலாம் நம்பர் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா டிரம்மும் சுற்றுகிறது, எல்லாக் கோனிலும் நூல் ஏறுகிறது, நீங்கள் வந்து இதைத் தாண்டிப் போனாலும் இது நிற்காது, நான் சொல்கிறேன், நிற்காது. சொல்வதற்கு நீ யார் என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்டது. அவன் கதவையே பார்த்தான். மெஷின் நின்றுவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து துளசிமணிக்குக் கழிவுப் பஞ்சு குடோன். அந்தக் குடோனின் தூசிக்கு ஆறு மாதம் தாக்குப்பிடித்த பெண்பிள்ளை இந்த மில்லில் கிடையாது, இருமி இருமியே கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நிற்காவிட்டால் அவள் இடத்தில் அவள் இருப்பாள். ஒருத்தி ஒரு ஹாலின் நீளத்துக்கு நடக்கப்போகிறாள், விஷயம் அவ்வளவுதான். இதற்குப் போய் உள்ளங்கை வேர்க்கலாமா? வேர்த்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டான், துடைத்த கையை மறுபடி துடைத்துக்கொண்டான்.

சிரிப்பாகத்தான் தொடங்கியது எல்லாம். மாசி மாதம் ஒருநாள் இந்த மில்லின் சூப்ரவைசர் நஞ்சப்பன் போன் பண்ணி, ஏனுங்க இன்ஜினியர், உங்க மெஷினுக்கு எங்க துளசிமணியக் கண்டா ஆகாதுங்களாட்ட இருக்குது என்றார். மெஷினை ஓட்டுகிற கன்ட்ரோல் கார்டு மோகனசுந்தரம் வேலை பார்க்கிற கணபதி கம்பெனியில் செய்தது. ரிப்பேர் என்றால் பல்லடம் ரோட்டில் பஸ் ஏறி வருகிறவன் அவன்தான். போனில் வாய்விட்டுச் சிரித்தான். நஞ்சப்பன் சிரிக்கவில்லை. நேரில் வந்து பார்த்த பிறகு அவனும் சிரிக்கவில்லை. துளசிமணி நூல் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாதாரணமாக வந்தாள், மெஷினின் தலைமாட்டில் கார்டு இருக்கும் பெட்டியைத் தாண்டினாள், அத்தனை டிரம்மும் ஒரே மூச்சில் செத்து நின்றன. வரிசையாக நூல் அறுந்து தொங்கியது. மற்ற பெண்கள் தாண்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நஞ்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு தாண்டினார், ஒன்றுமில்லை. அவனே நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தான், மெஷின் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கார்டை மாற்றினான். புதுக் கார்டுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. எர்த் பார்த்தான், ஒயரெல்லாம் மாற்றினான், பெட்டிக்குள்ளிருந்து எலிப்புழுக்கையைக்கூடப் பெருக்கி எடுத்தான். ஊரில் ஒருத்தருக்கு ஆகவில்லை என்றால் நாலு காரணம் சொல்ல ஆள் இருக்கும். இங்கே ஒரே காரணம்தான், அதை எல்லோரும் சொன்னார்கள். செருப்பு.

இந்த ஹாலுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுக்கிற இடம். முதலாளியே வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். மோகனசுந்தரமும் மரியாதை தெரிந்த பையனாக ஒவ்வொரு தடவையும் ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்தான். செருப்போடு வருகிறவள் துளசிமணி ஒருத்தி. அவளுக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில் ஒரு இரும்புச் சிலாம்பு காலில் ஏறி, ஏறினதே தெரியாமல் நாள் முழுக்க அதன்மேலேயே நடந்து, கடைசியில் வலது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று சொல்லி மெத்தென்ற எம்.சி.ஆர் ரப்பர் செருப்பு எழுதிக்கொடுத்தார் டாக்டர். மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மெஷின் நிற்கிறவரை. நின்றதும் அத்தனை பேருக்கும் சாமி ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்று, இல்லாவிட்டால் குடோனுக்குப் போ என்று நஞ்சப்பன் சொன்னபோது அவள் அழவில்லையாம், சண்டை போடவில்லையாம். வேலைக்கு வேற ஆளு வருமுங்க, என்ர காலுக்கு வேற காலு வராதுங்க என்று மட்டும் சொன்னாளாம். அதை நஞ்சப்பனே அவனிடம் சொன்னார், சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. தினமும் எத்தனை கிலோ நூல் வீணாகிறது என்று மேலே பதில் சொல்ல வேண்டியவர், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தன் கைக்காசில் தேங்காய் உடைக்கிறவர்.

இப்போது முதல் மெஷினைத் தாண்டியிருப்பாள். நூல் வண்டிகள் வரிசையாக நிறுத்தியிருந்ததால் தோளுக்கு மேலேதான் தெரிந்தாள். மெல்ல வருகிறாள், மெல்லவே வரட்டும், ஓடிவந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும், என்ன வேறு மாதிரி, ஒன்றும் இல்லை, சும்மா இரு. காலையில் கேன்டீனிலிருந்து டீ டம்ளரோடு வந்தவன் ஹால் வாசலில் ஷூவைக் கழற்றிவைத்தபோதுதான் அது நடந்தது. வரிசையாகச் செருப்புகள். ஹவாய், குதிகால் வைத்தது, பட்டை அறுந்து ஊக்கு குத்தியது, அதன் ஓரத்தில் அவனுடைய ஷூ. ஷூவைப் பார்த்தான். என்னிக்குமே நான் இங்கே வெறுங்காலோடுதானே நடந்தேன் என்று நினைத்தான். அவ்வளவுதான். டீ கையில் கொட்டியது, சுட்டது, சுட்டதே பிறகுதான் தெரிந்தது. வெறுங்காலில் நடக்கிறவர்கள் உடம்பில் மின்சாரம் தங்காது, தரைக்கு இறங்கிவிடும். ரப்பர் செருப்பும் பாலியஸ்டர் சேலையும் போட்டுக்கொண்டு பஞ்சுக்கு நடுவே நாள்பூரா நடக்கிறவள் உடம்பில் அது சேரும், இறங்க வழியில்லை. காற்றில் ஈரம் இருந்தால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போய்விடும், ஆனால் இந்த ஹாலின் காற்றுக்கு ஈரம் ஏற்றும் ப்ளான்ட் மாசியில்தானே பழுதாகிப் படுத்தது. அட, மாசி. போன் வந்ததும் மாசி. சாமி செருப்பை வெறுத்திருந்தால் ரெண்டு வருஷம் சும்மா இருந்திருக்குமா? வாசலில் நின்று தனியாகச் சிரித்தான், செருப்பு விட வந்த ரெண்டு பெண்கள் ஒதுங்கிப் போனார்கள்.

சரி, அவள் உடம்பில் மின்சாரம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், அதை மெஷின் ஏன் கேட்க வேண்டும், எந்தக் காதால் கேட்கிறது? ஷூவை மறந்து, டீயை மறந்து, எலெக்ட்ரிகல் ரூமுக்கு ஓடி ஸ்பேர் கார்டை மேஜையில் வைத்துக் குனிந்தான். அரிசிமூட்டைக்குள் ஊசி தேடுகிற வேலை என்று நினைத்தால் அது பல்லிளித்துக்கொண்டு முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது. பதினாலு பின் உள்ள ஒரு கறுப்பு ஐசி. மெஷினை நிறுத்து என்று யாராவது சொன்னால் கேட்டு நிறுத்துவது அதன் வேலை. கேட்பதற்கு அதற்கு மூன்று காது. ஒரு காது மூடி திறந்திருந்தால் சொல்லும் ஸ்விட்சுக்கு, இன்னொரு காது மோட்டார் சூடானால் சொல்லும் சென்சாருக்கு, மூன்றாவது காது நூலுக்கு மெழுகு தடவும் அட்டாச்மென்ட்டுக்கு. இந்த மில்லில் அந்த அட்டாச்மென்ட்டை வாங்கவே இல்லை. வாங்காததால் அந்த கனெக்டர் காலி, காலியான கனெக்டருக்குப் பின்னால் அந்தக் காது யாருமே பேசாமல் திறந்தே கிடக்கிறது. மெழுகு வாங்கின மில்களிலிருந்து ஒரு புகாரும் வராததன் ரகசியம் இதுதான். கல்லூரியில் முதல் வருஷம் படித்த பாடம்: உபயோகிக்காத இன்புட்டைச் சும்மா விடாதே, கிரவுண்டிலோ சப்ளையிலோ கட்டிப்போடு, சும்மா விட்டால் அது பூஜ்யமும் இல்லை ஒன்றும் இல்லை, காற்றில் வருவதையெல்லாம் கேட்கும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினான். பிறகு மூன்று தடவை இந்தக் கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தும் அது கண்ணில் படவில்லை. எது இணைத்திருக்கிறதோ அதையே தட்டித் தட்டிப் பார்த்தான். எதுவும் இணைக்காத இடத்தைப் போய் யார் பார்ப்பார்கள்? துளசிமணி வந்து நிற்கும்போது அந்தத் திறந்த காதில் அவள் உடம்பு என்னவோ சொல்கிறது, அது நில்லு என்று கேட்டுவிடுகிறது, பாவம், அதன்மேலும் குற்றமில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். ஓடுகிற கார்டைக் கழற்றி, மேஜையில் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கத்தில், அந்த மூன்றாவது காதான ஐந்தாவது பின்னையும் கிரவுண்டையும் சேர்த்து ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். சாப்பிடவில்லை, பசியே இல்லை. பத்து கே ரெசிஸ்டர். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. ஆரஞ்சுதானே? ட்யூப் லைட்டில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். சிவப்பாயிருந்தாலும் ஒரு கே, அதுவும் நல்லதுதான், எதுவானாலும் காது மூடியிருக்கும். அதை விடு. ஐந்தாவது பின். ஐந்தாவதுதானா? இங்கேதான் மோகனசுந்தரத்துக்குத் திக்கென்றது. ஐசியை மேலிருந்து பார்த்தால் ஒன்று, ரெண்டு, மூன்று என்று இந்தப் பக்கமாக எண்ணுவோம். கார்டைக் கவிழ்த்தால்? ஐசிக்கும் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால், பூரானை மல்லாக்கப் போட்டால் வலப்பக்கத்தது எல்லாம் இடப்பக்கம் போய்விடுமே. கவிழ்த்த பிறகு எந்த வரிசையில் எண்ணினேன்? மனசுக்குள் கார்டைத் திருப்பினான், திருப்பின கையோடு எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது மறந்துபோயிற்று, மறுபடி திருப்பினான். ஐசியின் தலையில் இருக்கும் பள்ளம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஜன்னலா, அலமாரியா? மீட்டர் வைத்துச் சரிபார்த்தேனே. எந்தப் பின்னில் வைத்துப் பார்த்தாய்? நான் ஐந்து என்று நினைத்த பின்னில். நல்ல ஆள், திருடனையே சாட்சிக்கு அழைத்திருக்கிறாய். தப்பான பின்னில் கட்டியிருந்தாலும் மெஷின் இப்படியேதான் ஓடும், ஜோராக ஓடும், முன்னாலும் ஜோராகத்தானே ஓடியது. அவள் வருகிறவரை எல்லாம் ஜோர்தான். திறந்து பார்க்கலாம் என்றால் பெட்டியின் அக்ரிலிக் மூடியைப் பூட்டிச் சாவியை நஞ்சப்பன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஓடும்போது திறக்கப்படாதுங்க, சேஃப்டி. அந்தச் சட்டைப்பையைப் பார்த்தான். நஞ்சப்பன் அதைக் கவனித்து, பையின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஷூவைப் போட்டுக்கொண்டு நானே ஒரு நடை நடந்து பார்த்திருக்கலாமே. இது இப்போதா தோன்ற வேண்டும்? ஆனால் நான் நடந்து என்ன ஆகிறது. இன்ஜினியருக்கு நிக்கலைன்னா துளசிமணிக்கு நிக்காதுன்னு ஆயிருமா என்பார்கள். ராசியில்லை என்று பெயர் வாங்கினவர்களின் சங்கதி மோகனசுந்தரத்துக்குத் தெரியாததா? அவன் வீட்டில் கிரிக்கெட் மேட்ச் என்றால் அவனை உள்ளே விடமாட்டார்கள். மோகனு, நீ எந்திரிச்சு வெளிய போடா, நீ உக்காந்தா விக்கெட் வுழுகுது என்பார் அப்பா, கோபமாகக்கூட இல்லை, மழை வருகிறது குடையை எடு என்பது போல. ஒரு பைனல் முழுவதும் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து நின்று வீட்டுக்குள்ளிருந்து வரும் கூச்சலை வைத்தே ஸ்கோரைக் கணக்குப் போட்டான். ஒருநாள் பிடிவாதமாக உள்ளேயே உட்கார்ந்திருந்தான், ஜெயித்துவிட்டார்கள். துள்ளினான், பாத்தீங்களா பாத்தீங்களா என்றான். நடுவுல ஒருக்கா பாத்ரூம் போனயல்ல, அப்பத்தான் ஆட்டமே திரும்புச்சு என்றார் அப்பா. அந்தப் பரீட்சையில் பாஸ் மார்க் என்று ஒன்று கிடையவே கிடையாது. இன்னும்கூட, பெண்டாட்டி பிள்ளை ஆனபிறகும், மேட்ச் நடக்கும்போது ஸ்கோரைப் பார்க்க அவனுக்குக் கை கூசும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன், ஓம் விதியைத் தூக்கத்தில் சொல்லுவான், ஆனாலும் கை கூசும். துளசிமணிக்கும் கூசும்தானே? மெஷின் நிற்க நிற்க அவளுக்கே நம்பிக்கை வந்திருக்கும், நம்மிடம்தான் ஏதோ இருக்கிறது என்று. அவளைக் கெஞ்சித்தான் இதற்குச் சம்மதிக்க வைத்தான். வேடிக்கை பார்க்கவா என்று கேட்டாள். இல்லக்கா, முடிச்சுவைக்க என்றான். கடைசியில், ஒரே ஒரு தடவ வாரனுங்க, நின்னுபோச்சுன்னா நான் அப்பிடியே போயிருவேன், யாரும் என்னையக் கூப்படப்படாது என்றாள்.

இரண்டாம் மெஷின். மூன்றாம் மெஷின். பெண்கள் வேலையை விட்டுவிட்டு, விடாதது போல நின்றார்கள். ஒருத்தி தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். துளசிமணி யாரையும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாங்கக்கா. மோகனசுந்தரம் தன்னை அறியாமல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், விக்கெட் விழாமல் இருக்கச் சின்ன வயதில் செய்வது, சீ என்று அவிழ்த்தான், அவிழ்த்ததனால் நின்றுவிடுமோ என்று மறுபடி கட்டினான். பூரான் மல்லாந்தது, ஜன்னல், அலமாரி, ஆரஞ்சு, சிவப்பு. அவள் நூல் வண்டிகளைச் சுற்றிக்கொண்டு மெஷினின் தலைமாட்டுக்கு வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். அக்ரிலிக் மூடியில் அவள் சேலையின் ஊதா நிறம் தெரிந்தது. தாண்டினாள். மெஷின் ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, அத்தனை டிரம்மும், கடைசி டிரம்வரை. மோகனசுந்தரத்தின் காதுக்குள் அவன் ரத்தம் அடிப்பது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கத்த வேண்டும் போல இருந்தது, யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, பக்கத்தில் நஞ்சப்பன்தான் இருந்தார். பெண்கள் கைதட்டினார்கள். துளசிமணி நின்று திரும்பி, இந்தப் பக்கம் பார்த்து, வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்போடு அவளை அப்படியே முழுசாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். கால்களில் செருப்பு இல்லை.

நாலு விரலோடு அந்த வலது கால் சிமென்ட் தரையில் அப்படியே பதிந்து நின்றது. பாத்தீங்களா, கழட்டிட்டு வந்தா நிக்கறதில்ல, நாந்தான் சொன்னனேங்க என்றார் நஞ்சப்பன், அவனை மடக்க அல்ல, உண்மையான சந்தோஷத்தோடு, பிரச்சினை தீர்ந்த நிம்மதியோடு. கைதட்டல் எதற்கு என்று அப்போதுதான் மோகனசுந்தரத்துக்கு உறைத்தது. வாசலில் அவள் கழற்றும்போதே அவர்களெல்லாம் பார்த்திருக்கிறார்கள். அவன் ஒருத்தன்தான் பார்க்கவில்லை. எல்லாம் போயிற்று. பின்னைக் கட்டியது சரியா தப்பா என்று இந்த நடை ஒன்றுமே சொல்லவில்லை, வெறுங்காலோடு யார் நடந்தாலும் என்றைக்கும் நிற்காத மெஷின் இன்றைக்கும் நிற்கவில்லை, அவ்வளவுதான். இனி அவள் வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடுதான் நடப்பாள், நடந்து நடந்து இன்னொரு விரலைக் கொடுப்பாள், அதற்கு ஆதாரம் தயார் பண்ணிக் கொடுத்தவன் மோகனசுந்தரம் பி.இ. கோபம் வந்தது. நேரே அவளிடம் போய், ஏங்க்கா கழட்டுனீங்க, செருப்போட வரத்தானே சொன்னேன் என்று கேட்டான். கேட்ட குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரடி கிட்டே வந்தாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"உங்களுக்காகத்தானுங் சார் கழட்டுனேன். காத்தாலருந்து சோறு தண்ணி இல்லாம அதையே பண்ணிட்டிருந்தீங்க. எனக்குன்னு ஒருத்தரு இந்த மில்லுல இப்பிடிக் கெடந்து பாத்ததில்லீங்க. நான் வந்து அது நின்னுபோச்சுன்னா, இத்தன பொம்பளைங்க முன்னால உங்களுக்குத் தல கவுந்துபோயிருமல்லங்க."

மோகனசுந்தரம் மறுபடி அந்த நாலு விரலைப் பார்த்தான். இவள் என்னை நம்பவில்லை. என் கணக்கை நம்பவில்லை, என் ரெசிஸ்டரை நம்பவில்லை, ஆனால் என் தலை கவிழக் கூடாது என்று தன் காலைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டாள். தப்பான பின்னாயிருந்தால்? இருந்தால் நிற்கட்டும். நின்றால் மூடியைத் திறந்து மறுபடி கட்டுவேன், பதினாலு பின்தானே, எத்தனை தடவைதான் தப்பாக எண்ணிவிட முடியும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நஞ்சப்பன் தயாராக இருக்கிறாரோ இல்லையோ, இனி அவரைக் கேட்கப்போவதில்லை. அவன் நடந்தான். நடந்தது பாதி தூரம்தான், மீதியை ஓடினான், மூன்று மெஷினையும் தாண்டி வாசலுக்குப் போய், செருப்பு வரிசையில் அந்த நீலநிற எம்.சி.ஆர் ஜோடியைத் தேடி எடுத்து, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் திரும்ப ஓடிவந்தான். இந்த ஹாலுக்குள் யாரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அந்தப் பெண்கள் பார்த்ததில்லை. இன்ஜினியர், என்ன பண்றீங்க என்று நஞ்சப்பன் கேட்டது காதில் விழுந்தது. துளசிமணியின் முன்னால் குனிந்து இரண்டையும் நேராகத் தரையில் வைத்தான், வலதை வலது காலுக்கு நேராக.

"நிக்கட்டுமக்கா. நின்னா எங்கிட்டத் தப்பு, உங்ககிட்ட இல்ல. போட்டுட்டுக் கதவு வரைக்கும் போயிட்டு வாங்க."

அவள் அவனைப் பார்த்தாள், நஞ்சப்பனைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவைதான் என்று சொன்னவள் அவள். மெஷினின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் வலது காலை நுழைத்தாள், பிறகு இடது காலை. கதவுவரை போனாள். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். இந்தத் தடவை மோகனசுந்தரம் பூரானைத் திருப்பிப் பார்க்கவில்லை, ஜன்னலையும் அலமாரியையும் நினைக்கவில்லை, அவள் கால்களை மட்டும்தான் பார்த்தான், நூல் வண்டிகளின் சக்கரங்களுக்கு ஊடே நீலம் தெரிந்து மறைந்து தெரிந்து மறைந்து வந்தது. தேயட்டும், ரப்பரும் தரையும் நன்றாகத் தேயட்டும், எவ்வளவு மின்சாரம் சேருமோ அவ்வளவும் சேரட்டும், ஒரு குடம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டு வாங்கக்கா. முதல் மெஷின், இரண்டாம் மெஷின், மூன்றாம் மெஷின். கைதட்டினவர்களில் ஒருத்தியும் இப்போது மூச்சு விடவில்லை. துளசிமணி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நேரே பெட்டியைப் பார்த்து வந்தாள், வந்து தாண்டிப் போகாமல் பெட்டிக்கு முன்னாலேயே நின்றாள். நிற்கச் சொல்லவில்லை அவன். மூடிக்கு ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள், அவள் முன்கையில் ரோமம் சிலிர்த்து எழுந்திருந்தது அவனுக்குத் தெரிந்தது. மெஷின் ஓடியது. கையை மூடிமேலேயே வைத்தாள். ஓடியது. எடுத்தாள், வைத்தாள். ஓடியது, ஓடியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, அட ஐந்தாவது பின்தான், ஐந்தாவது பின்தான் என்று மோகனசுந்தரம் சத்தமாகவே சொன்னான், யாருக்கும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மெஷினின் நடுவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஐயோ என்று யாரோ சொன்னார்கள். நஞ்சப்பன் ஓரடி முன்னால் வைத்தார். மற்ற டிரம்மெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு டிரம் மட்டும் நின்று, அதன் நூல் அறுந்து தொங்கியது, எந்த மில்லிலும் எந்த நாளும் அறுகிற மாதிரி. துளசிமணி போனாள். தொங்கின நுனியைக் கோனில் தேடிப் பிடித்து, இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டு, லீவரைத் தட்டினாள். விளக்கு அணைந்து டிரம் சுற்றியது. சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே, திங்கக்கெழம எனக்கு எந்த மெஷினுங்க என்று நஞ்சப்பனிடம் கேட்டாள். அவர் சாவி இருந்த சட்டைப்பையின் மேலிருந்து கையை எடுத்தார். நாலாம் நம்பர்தாம்மா என்றார்.